ஆறு மாடி, நாலு விலை: கட்டடத்தை எந்த முறையில் கொடுப்பது?

போன மாதம் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி கூப்பிட்டார். கடைக்குப் பின்னால், மிளகாய் மூட்டைகளைத் தாண்டிப் போனால் ஏசி போட்ட ஒரு சின்ன அறை. மேசையில் நாலு கொட்டேஷன். முதலாவது, தொண்ணூறு பக்க அளவுப்பட்டியல்; எந்த வேலை எவ்வளவு, என்ன விலை என்று வரிக்கு வரி எழுதியது. கடைசிப் பக்கத்து மொத்தத் தொகையைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள். மற்றப் பக்கங்களை யாரும் புரட்டிய அடையாளம் இல்லை. இரண்டாவது, வழுவழுத் தாளில் கட்டடத்தின் வண்ணப் படங்கள், வாசலில் கார்கள், மரங்கள், கடைசியில் ஒரே ஒரு தொகை. மூன்றாவது ஒரு லெட்டர்ஹெட்டில் ஐந்து வரி: சதுர அடிக்கு இவ்வளவு கூலி, சாமான் உங்களுடையது. நாலாவதில் தொகையே இல்லை. செலவில் இத்தனை சதவீதம் எங்கள் கட்டணம் என்று மட்டும் இருந்தது.

"தம்பி, உமக்குத்தானே உந்தக் கணக்கெல்லாம் தெரியும். இதில எது மலிவு எண்டு மட்டும் சொல்லும்."

இருபது வருடமாகக் கியூஎஸ் வேலை, அதாவது கட்டடத்தின் அளவையும் செலவையும் கணக்கிடும் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு இன்றுவரை நேராகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. "ஐயா, ஒராள் அரிசிக்கு விலை சொல்லியிருக்கிறார், ஒராள் சோத்துப் பார்சலுக்கு, ஒராள் நெல்லுக் குத்துற கூலிக்கு, நாலாவது ஆள் தரகுக்கு" என்றேன். சிரித்தார். பிறகு தேத்தண்ணி வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

காணி கொட்டாஞ்சேனையில். 18 பேர்ச், அதாவது 4,900 சதுர அடி. கீழ்த்தளத்தோடு மேலே ஐந்து மாடி. கீழே இரண்டும் கடை, மேலே வாடகைக்கு ஒபிஸ். எல்லாம் சேர்த்து 20,000 சதுர அடிக்குக் கிட்ட வரும். காசில் பாதிக்கு மேல் வங்கிக் கடன். அவரிடம் சொன்னதையும், சொல்ல மறந்து வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே அளவுக் காணியோடும் இதே குழப்பத்தோடும் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடலாம். இந்த நாலு முறைக்கும் வித்தியாசம் மூன்று கேள்விகளில் இருக்கிறது. யார் வரைகிறார்? யார் சாமான் வாங்குகிறார்? எதிர்பாராதது ஒன்று நடந்தால் யார் பையிலிருந்து காசு போகிறது? கோயில் கட்டும் ஸ்தபதியிடம் இந்தக் கேள்விகளே எழாது. வரைவதும் அவர், கல்லை அடிப்பிப்பதும் அவர். வரைகிறவர் வேறு, கட்டுகிறவர் வேறு என்ற ஏற்பாடு நமக்கு வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. இப்போது டிசைன் அன்ட் பில்ட் என்று புதிதாகப் பேசுகிறோமே, அது ஸ்தபதி முறைக்குக் கோட்டும் டையும் போட்டதுதான்.

வரைந்து முடித்து, டெண்டர் போட்டு

இங்கே அதிகம் புழங்குவது இதுதான். நீங்கள் ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், கியூஎஸ் மூவரையும் வைத்து முழு வரைபடத்தையும் முடிக்கிறீர்கள். அளவுப்பட்டியல் தயாராகிறது. நாலைந்து கொந்தராத்துக்காரர்களைக் கூப்பிட்டு ஒரே பட்டியலுக்கு விலை கேட்கிறீர்கள். சீடா எனப்படும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் நியம ஆவணங்கள் இதற்கென்றே இருக்கின்றன. பெரிய வேலை என்றால் ஃபிடிக் எனப்படும் சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனத்தின் நியம ஒப்பந்தமான சிவப்புப் புத்தகம்.

பெரிய நன்மை, விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் கொங்கிறீட்டுக்குக் கூட்டிப் போட்டிருப்பார், இன்னொருவர் டைல்ஸில் பிடித்திருப்பார். வரிக்கு வரி தெரியும். நடுவில் ஒரு சுவரை எடுத்துவிடச் சொன்னால் எவ்வளவு குறையும் என்பதும் பட்டியலிலேயே இருக்கிறது.

ஆனால் அந்தத் தொண்ணூறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது என்ன இருந்தது தெரியுமா? லிஃப்ட், ஏசி, தீயணைப்பு, ஜெனரேட்டர் நாலுக்கும் புரொவிஷனல் சம். இடம் பிடித்து வைக்க ஒரு துவாயைப் போடுகிறோமே, அது போல ஒரு எண். உண்மையான விலை பிறகுதான் தெரியும். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த தொகையில் கால்வாசிக்கு மேல் இப்படித் துவாய் போட்ட இடங்கள். ஆகவே டெண்டர் போட்டாயிற்று என்பதற்காக விலை நிச்சயமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. எவ்வளவு வரைந்து முடித்தீர்களோ அவ்வளவுதான் நிச்சயம்.

இந்த முறைக்குள்ளேயே இரண்டு வகை. மெஷர் அன்ட் பே என்றால், பட்டியலில் உள்ள அளவு மதிப்பீடு மட்டும். செய்த வேலையை அளந்து, ஒப்புக்கொண்ட விலையால் பெருக்கிக் காசு. லம்சம் என்றால், வரைபடத்தில் உள்ளதற்கு இவ்வளவு. அளவு கூடினாலும் குறைந்தாலும் அவர் பாடு. வேலை தொடங்கிய பிறகு இந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன்.

தெமட்டகொடைப் பக்கம் ஒரு சதுப்புக் காணி. மண் பரிசோதனைக்கு இரண்டே இரண்டு துளை போட்டிருந்தார்கள், காசை மிச்சம் பிடிக்க. பைல், அதாவது அத்திவாரத்துக்கு நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் கொங்கிறீட் தூண், 15 மீட்டரில் பாறையைத் தொடும் என்று அறிக்கை. மூன்றாவது பைலில் இயந்திரம் 15ஐத் தாண்டியது, 17ஐத் தாண்டியது, இன்னும் கறுத்த களிதான் மேலே வந்துகொண்டிருந்தது. ஓவசியர் பாரம் கட்டிய டேப்பைக் குழிக்குள் இறக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு வாசித்தார்: 19.40. பக்கத்தில் நின்ற உரிமையாளரின் மகன் போனில் கல்குலேட்டரைத் திறந்துவிட்டார். அது மெஷர் அன்ட் பே. ஒவ்வொரு மேலதிக மீட்டருக்கும் அவர்கள்தான் காசு கொடுத்தார்கள். வலித்தது, ஆனால் சண்டை இல்லை. மீட்டர் விலை முன்பே எழுதியிருந்தது. பின்னேரமே அடுத்த பைலைத் தொடங்கினார்கள்.

இதே நிலைமை லம்சத்தில் வந்த ஒரு இடத்தில் இயந்திரம் ஏழு வாரம் சும்மா நின்றது. கொந்தராத்துக்காரர் 'முன்கூட்டியே ஊகிக்க முடியாத நிலத்தடி நிலைமை' என்று கடிதம் எழுதினார், இவர்கள் லோயர் மூலம் பதில் எழுதினார்கள். கடைசியில் பாதிப் பாதி. ஏழு வாரம் போனது போனதுதான். கொழும்பு மண் இப்படித்தான். ஒரு மூலையில் பாறை மேலே நிற்கும், அடுத்த மூலையில் பழைய சதுப்பு. மண்ணுக்குக் கீழே உள்ள எதற்கும் லம்சம் கேட்காதீர்கள் என்பது என் பிடிவாதம்.

இந்த முறையின் குறை, நேரம். வரைந்து முடிய ஆறேழு மாதம், டெண்டருக்கு இரண்டு மூன்று மாதம். இரண்டாவது குறையை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்: வரைபடத்தில் பிழை இருந்தால் அது உங்கள் பிழை. உங்கள் ஆர்க்கிடெக்ட் வரைந்ததைத்தான் அவர் கட்டினார். மழைக்குப் பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்தால், டீட்டெயில் பிழை என்பார் கட்டினவர், வேலை பிழை என்பார் வரைந்தவர். நடுவில் வாளியோடு நிற்பவர் நீங்கள்.

எல்லாம் ஒருவரிடமே

அந்த வாளியைக் கையில் எடுக்கவேண்டாம் என்பதுதான் டிசைன் அன்ட் பில்ட்டின் உண்மையான கவர்ச்சி. வரைவதும் அவர், கட்டுவதும் அவர். கசிந்தால் ஒரே ஒரு போன் நம்பர். ஃபிடிக்கில் இது மஞ்சள் புத்தகம். அதன்படி வரைபவர் கவனமாக வரைந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கட்டி முடித்தது, சொன்ன நோக்கத்துக்கு உதவவேண்டும். ஆர்க்கிடெக்டைத் தனியே அமர்த்தினால் அந்த உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்காது. வெள்ளிப் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய் நிலத்தடி ஆபத்தையும் அவர் தலையில் வைக்கும். அதற்கான விலையையும் அவர் உங்கள் தலையில் வைத்துவிடுவார், அது வேறு கதை.

முதலாளியின் மூத்த மகனுக்கு வழுவழுத் தாள்தான் பிடித்திருந்தது. "அங்கிள், ஒரே விலை, ஒரே ஆள், நாலு மாதம் முந்தி முடியும் எண்டுறாங்கள். பிறகு ஏன் தலையிடி?"

சரி, அந்த ஒரே விலைக்கு என்ன தருகிறார்கள் என்று பார்த்தோம். 'வாடகைக்கு உகந்த தரமான அலுவலகத் தளம்' என்று ஒரு வரி. தரையிலிருந்து சீலிங் எத்தனை அடி? தளம் எவ்வளவு பாரம் தாங்கும்? மேல் மாடியில் ஒருவர் ஃபைல் அறை வைக்கலாமா? ஏசி முழுக் கட்டடத்துக்கும் ஒன்றா, அறைக்கு ஒன்றா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா, முழுக் கட்டடத்துக்குமா? கண்ணாடி ஒற்றையா இரட்டையா? எதுவும் இல்லை. எழுதாத ஒவ்வொன்றையும் அவர்தான் தேர்ந்தெடுப்பார், அவருக்கு எது மலிவோ அதை. ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தம் அவருக்குக் கொடுத்த உரிமை அது. இந்த முறையில் நீங்கள் செய்யவேண்டிய வேலை குறையவில்லை, முன்னுக்கு வந்துவிட்டது. தேவைகளை முப்பது நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல முறை. தெரியாதவர் வண்ணப் படத்தை வாங்குகிறார்.

நாலு மாதம் முந்தும் என்ற கதையைக் கொழும்பில் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கவேண்டும். வரைந்துகொண்டே கட்டுவதால்தான் நேரம் மிச்சம். ஆனால் யூடிஏ எனப்படும் நகர அபிவிருத்தி அதிகாரசபை, மாநகர சபை, தீயணைப்புத் திணைக்களம் என்று அனுமதிகள் வராமல் ஒரு பைலும் இறக்க முடியாது. அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தை நடுவில் மாற்றினால் திருத்திய வரைபடம் திரும்பவும் போகவேண்டும். கட்டி முடித்து சிஓசி எனப்படும் இணக்கச் சான்றிதழை எடுக்கும்போது, அனுமதித்த படமும் நிற்கும் கட்டடமும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே மாட்டும். சிஓசி இல்லாத கட்டடத்துக்கு நல்ல வாடகைக்காரர் வரமாட்டார், வங்கிக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 20 கோடி கடன், 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் எடுத்த பிறகு மாதத்துக்கு 20 இலட்சம் வட்டி. ஆனால் வரைபட மேசையில் ஆறு மாதம் போகும்போது நீங்கள் கடனைத் தொட்டிருக்கமாட்டீர்கள். போவது கட்டணமும் வராத வாடகையும்தான். ஐந்தாம் மாடி ஸ்லாப் போட்ட பிறகு, லிஃப்ட் குழி அளவு சரியில்லை என்று ஒரு மாதம் நின்றால், அந்த 20 இலட்சமும் போகும், வாடகையும் போகும், கொந்தராத்துக்காரரின் நாட்செலவு கோரிக்கையும் வந்து சேரும். மாதம் என்ற பெயர் ஒன்றுதான், விலை வேறு வேறு. மூத்த மகன் இந்த இடத்தில் போனைக் கீழே வைத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருந்தது. பேலியகொடை, வத்தளைப் பக்கம் களஞ்சியம் ஒன்று கட்டுவதானால் நானே டிசைன் அன்ட் பில்ட் என்றுதான் சொல்வேன். இரும்புச் சட்டம், தகட்டுக் கூரை, கொங்கிறீட் தரை. செய்கிறவர்கள் இதே பெட்டியை ஐம்பது தரம் செய்தவர்கள். ஆர்க்கிடெக்டை விட அவர்களுக்குத்தான் இதில் பழக்கம். கொட்டாஞ்சேனையில் இரண்டு பக்கமும் பழைய சுவரோடு ஒட்டிய 18 பேர்ச்சில் ஆறு மாடி அந்த மாதிரி வேலை அல்ல.

அப்படியும் இதே முறையில்தான் போவேன் என்பவர் இரண்டு காரியம் செய்யலாம். உங்கள் ஆர்க்கிடெக்டை வைத்து ஆரம்பப் படத்தை முடித்து, திட்டமிடல் அனுமதியையும் எடுத்த பிறகு விலை கேளுங்கள். அப்புறம், உங்கள் பக்கத்துக்கு ஒரு இன்ஜினியரைத் தனியே வையுங்கள். அவர்களுடைய இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள். கம்பியைக் குறைத்துப் போட்டால் உங்களுக்கு வந்து சொல்லப்போவது யார்?

2022 கற்றுக்கொடுத்தது

முறைகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் போக முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். மே மாதத்தில் 360. 2021 நடுவில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை, ஒரு வருடத்தில் மூவாயிரத்தைத் தொட்டது. டைல்ஸும் பாத்ரூம் சாமானும் 2020இலிருந்தே இறக்குமதிக் கட்டுப்பாட்டில். டீசலுக்கு வரிசை. ஆண்டுக் கடைசியில் வங்கி வட்டி 25 சதவீதத்துக்கு மேல்.

அந்த நேரத்தில் 'விலை மாறாது' என்று கையெழுத்து வைத்த லம்சம் ஒப்பந்தங்களுக்கு என்ன நடந்தது என்பதைக் காலி வீதியில் போனவர்கள் எல்லோரும் பார்த்தோம். கிரேன் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தது. ஒப்பந்தத்தின்படி உரிமையாளர் பக்கம்தான் நியாயம். ஆனால் மூன்று மடங்கு விலைக்குச் சீமெந்து வாங்கிப் பழைய விலைக்குக் கட்டித் தருவதற்கு எந்தக் கொந்தராத்துக்காரரிடம் காசு இருந்தது? அவர் சாவியைத் தந்துவிட்டுப் போனால், பாதிக் கட்டடத்துக்குப் புது ஆள் தேடவேண்டும், புது விலையில். வழக்கில் வெல்லலாம். வென்ற தீர்ப்பை வாடகைக்கு விட முடியாது.

சீடா மாதாமாதம் சாமான், கூலி, டீசல் விலைச் சுட்டெண்களை வெளியிடுகிறது. அவற்றை வைத்து விலையேற்றத்தைக் கணக்கிட ஒரு சூத்திரமும் இருக்கிறது. அரசாங்க வேலைகளில் அது சாதாரணம். தனியார் உரிமையாளர்கள்தான், பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து, அந்த வாசகத்தை வெட்டிவிடச் சொல்வார்கள். வெட்டினால் அவர் அந்த ஆபத்துக்கு முன்கூட்டியே விலை கூட்டிப் போடுவார். விலை ஏறாவிட்டால் அந்தக் காசு உங்களுக்குத் திரும்பாது. ஒன்றரை வருட வேலைக்கு எந்த முறையை எடுத்தாலும் சூத்திரத்தை வைத்திருங்கள் என்பதுதான் என் எண்ணம். சுட்டெண் இறங்கினால் உங்களுக்கும் குறையும்.

கையோடு இன்னொன்று: விலை வற் வரியோடா, வற் இல்லாமலா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். அந்த நாலு கொட்டேஷனில் இரண்டில் சேர்த்திருந்தார்கள், ஒன்றில் 'நீங்கலாக' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது, கூலிக்காரருடையதில் பேச்சே இல்லை.

சாமான் நம்முடையது, கூலி அவருடையது

முதலாளிக்கு உள்ளூர ஆசை இதில்தான் என்பது எனக்குத் தெரியும். ஆயுள் முழுக்கச் சாமான் வாங்கி விற்றவர். பழைய சோனகத் தெருவில் கம்பிக்காரர் பழக்கம், டைல்ஸ்காரர் சொந்தம். "அவன் சாமானுக்கு மேல வைக்கிற லாபத்தை நான் ஏன் குடுக்கவேணும்?" நியாயமான கேள்விதான். வெள்ளவத்தையில் இரண்டு மாடி வீடுகள் எத்தனையோ லேபர் கொந்தராத்தில்தான் எழும்பின, நன்றாகவும் நிற்கின்றன.

ஆனால் கொந்தராத்துக்காரர் சாமானுக்கு மேல் வைக்கும் லாபத்தில் பாதி லாபமே இல்லை; சேதத்துக்கும் காவலுக்கும் கணக்குக்கும் அவர் வைத்திருக்கும் காப்பு. லேபர் கொந்தராத்தில் வீணாவதற்கு உரிமையாளர் நீங்கள் மட்டும்தான். 12 மில்லிமீட்டர் கம்பியில் ஒன்றரை அடித் துண்டுகள் மூலையில் குவியும். வெட்டியவருக்கு என்ன நட்டம்? ஒரு இடத்தில் ஐப்பசி மழைக்கு முதல் நாள் இறக்கிய சீமெந்தைத் தரையோடு அடுக்கி மேலே மட்டும் பொலித்தீன் போட்டிருந்தார்கள். காலையில் அடி வரிசை முழுவதும் கல். மேசன் பாஸ் அதில் ஒரு பையின் மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மணல் கியூப் கணக்கில் வரும், லொறிக்குள் ஏறி அளப்பவர் யார்? கம்பி வர இரண்டு நாள் பிந்தினால் பதினைந்து பேர் சும்மா இருப்பார்கள், அந்தக் கூலியும் உங்களிடம்தான் வரும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதை அவர்களும் அறியார்.

இதையெல்லாம் தாங்கலாம், வீட்டில் ஒருவர் காலை ஏழு மணிக்குத் தளத்தில் நின்றால். ஆறு மாடிக்குத் தாங்க முடியாதது வேறு. தளத்தில் ஒருவர் விழுந்தால் பொறுப்பு யாருக்கு? காப்புறுதி யார் பெயரில்? சாரமும் கிரேனும் யார் தருவது? ஐந்து வரிக் கடிதத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. வங்கியும் சீடாவில் பதிந்த, வேலையின் பெறுமதிக்கு ஏற்ற தரத்தில் உள்ள கொந்தராத்துக்காரரைத்தான் கேட்கும். தரம் சி9இல் தொடங்கி சி1 வரை வந்து, அதற்கு மேல் சிஎஸ்1, சிஎஸ்2. கொடுத்த அட்டையை நம்பாமல் அந்தப் பதிவு இன்னும் காலாவதியாகவில்லையா என்று பாருங்கள்.

நாலாவது கொட்டேஷன், கன்ஸ்ட்ரக்ஷன் மனேஜ்மென்ட், அதிகம் பேச ஒன்றுமில்லை. பைலிங், கொங்கிறீட், அலுமினியம், ஏசி என்று பத்துப் பன்னிரண்டு பேரோடு நீங்களே ஒப்பந்தம் வைக்கிறீர்கள். அவர் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோரையும் மேய்க்கிறார். ஆபத்து முழுவதும் உங்களிடம். ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றக் கட்டடத்தை இந்த முறையில்தான் கட்டினார்கள். 1997இல் அதிகபட்சம் 4 கோடி பவுண் என்று பேசியது, 2004இல் முடிந்தபோது 41 கோடியைத் தாண்டியிருந்தது, மூன்று வருடம் பிந்தி. பிறகு நடந்த விசாரணை, இந்த முறையைத் தேர்ந்ததையே பெரிய தவறுகளில் ஒன்றாகச் சொன்னது. அரசாங்கத்துக்கே அப்படி என்றால் மிளகாய் வியாபாரிக்கு? அதோடு, கட்டணம் செலவில் சதவீதம் என்றால், செலவு கூடக் கூட அவருக்கும் கூடும். உட்புற அலங்கார வேலைக்கு, தெரிந்த நல்ல ஆள் கிடைத்தால், நிலையான கட்டணத்தில் இதை யோசிக்கலாம்.

கடைசியில் என்ன சொன்னேன்

ஒரு முறையையே முழுதாக எடுக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மண் பரிசோதனையைப் புதிதாக, ஆறு துளையாவது போட்டுச் செய்வது. பைலிங்கைத் தனி ஒப்பந்தமாக, மெஷர் அன்ட் பேயில் கொடுப்பது. பைல் நடக்கும் மூன்று நாலு மாதத்தில் மேல்கட்டடத்தின் வரைபடத்தைத் துவாய் போடாமல் முடித்து, டெண்டர் போட்டு, லம்சமாகக் கொடுப்பது. விலைச் சூத்திரம் இருக்கும். லிஃப்டும் ஏசியும் டொலரில் வருவன. அவற்றை முன்கூட்டியே தெரிவுசெய்து பெயரோடு டெண்டரில் போடுவது. முதலாளிக்கு வாங்கும் ஆசை தீரவேண்டுமானால் டைல்ஸை அவரே வாங்கிக் கொடுக்கட்டும். அதில் பெரிய விபத்து வராது.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். பைல் ஒருவர், கட்டடம் இன்னொருவர் என்றால், இரண்டாமவர் வந்து பார்த்துவிட்டு 'பைல் இடம் விலகி நிற்கிறது, பைல் தலைக்கு மேல் போடும் கொங்கிறீட் கப்பைப் பெரிதாக்கவேண்டும், காசு தாருங்கள்' என்பார். ஆகவே முதலாமவரின் ரிடென்ஷனை, அதாவது பில்லில் பிடித்துவைத்த காசை, விடுவதற்கு முன்பு, ஒவ்வொரு பைலின் தலையையும் சேவையர் அளந்து படம் போடவேண்டும். பைல் சோதனைகளின் முடிவும் கையில் இருக்கவேண்டும். அந்த இரண்டையும் இரண்டாமவரின் டெண்டரோடு கொடுத்துவிட்டால் பிறகு அந்தக் கதைக்கு இடமில்லை. இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களையும் பைல் தொடங்க முன்பு திகதியோடு படம் பிடிப்பதும் இதற்குள் வரும். பழைய வெடிப்பெல்லாம் பைல் சத்தம் கேட்ட அன்றே பிறந்ததாகச் சொல்வார்கள்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். "அப்ப முடிவுகளை ஆர் சொல்லுறது? நானா, பெடியளா?"

நான் என் யோசனையை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அதுதான். டெண்டர் முறையில் உரிமையாளர் பக்கத்திலிருந்து வாரத்துக்குப் பத்து முடிவு போகவேண்டும்; பிந்தினால் அதற்கும் கால நீடிப்பும் காசும் கேட்பார்கள். தகப்பனும் இரண்டு மகன்மாரும் மூன்று விதமாகச் சொல்லும் குடும்பமானால், வழுவழுத் தாளே பரவாயில்லை. கூட விலை போனாலும் முடிவுகள் ஒரே தடவையில், தொடக்கத்திலேயே முடிந்துவிடும். இதைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் சொன்னேன். இளைய மகன் அதுவரை வாய் திறக்கவில்லை. தான் இன்ஜினியரிங் படித்தவன், தானே பார்க்கிறேன் என்றார். மூத்தவர் தம்பியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எழும்பும்போதுதான் முதலாளி மெல்லச் சொன்னார், தையில் அடிக்கல் வைக்க ஐயரிடம் நாள் எடுத்தாயிற்றாம். யூடிஏ விண்ணப்பம் இன்னும் உள்ளே போகவில்லை. "கல்லை வையுங்கோ ஐயா, பொங்கலும் பொங்குங்கோ. மெஷினை மட்டும் கூப்பிடாதேங்கோ" என்றேன். தொண்ணூறு பக்கப் பட்டியலைச் சுருட்டி என் கையில் தந்தார். மற்ற மூன்றையும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார், எறியவில்லை.